மணிக்கட்டை அசையாமல் இணைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். சம்மதிக்கலாமா?

பென்சில்முனை எழுதியது:

வணக்கம். வயது 29. வலது கைப் பழக்கம் உள்ளவள். ஏழு மாதமாக வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், வலி. சுளுக்கு என்று நினைத்து பெல்ட் கட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். வீக்கம் திரண்டு நின்ற பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். முன்கையில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பின் முனை முழுக்க சோப்பு நுரை மாதிரி அறை அறையாக இருந்தது. பயாப்சியில் ஜெயன்ட் செல் ட்யூமர் என்று வந்தது.

"புற்றுநோய் இல்லை. ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும்" என்றார் டாக்டர். கிரேடு 3 என்று எழுதியிருக்கிறார். எலும்பின் ஓடு ஒரு பக்கம் உடைந்து கட்டி வெளியே வந்துவிட்டதாம். சுரண்டி எடுத்து சிமென்ட் வைத்து அடைக்கிற கட்டம் தாண்டிவிட்டது, முனையில் 7 செ.மீ. அளவுக்கு எலும்பை அப்படியே வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்.

அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழி சொன்னார். ஒன்று, காலில் இருக்கும் ஃபிபுலா எலும்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து வைத்து, முழங்கைப் பக்கத்திலிருந்து புறங்கை எலும்பு வரை நீளமாக பிளேட் போட்டு மணிக்கட்டை இணைத்துவிடுவது. பிறகு மணிக்கட்டு மடங்கவே மடங்காது. இன்னொன்று, அதே ஃபிபுலாவின் மேல்முனையை, அதன் தலையோடு எடுத்து, மூட்டு மாதிரி பொருத்துவது. கொஞ்சம் மடங்கும். டாக்டருக்கு முதல் வழியில்தான் மனம். ஆனால் "கை உங்களுடையது, முடிவும் உங்களுடையது" என்று சொல்லி பத்து நாள் கொடுத்திருக்கிறார்.

நான் கட்டட வரைபடம் வரைகிறவள். பாதி வேலை கணினியில், பாதி கையால். மடங்காது என்று கேட்டதிலிருந்து பல் தேய்க்கும்போதும் கதவைத் திறக்கும்போதும் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எழுத முடிகிறதா? எதை இழந்தீர்கள்? டெனோசுமேப் என்று ஒரு ஊசியும் பேச்சில் வந்தது. அது எதற்கு?

பழைய ஸ்பேனர் எழுதியது:

தங்கச்சி, எனக்கும் இதே கட்டி, இதே எலும்பு, இதே வலது கை. இணைத்துவிட்டு ஆறு வருஷம் ஆகிறது. நான் பைக் மெக்கானிக். இன்றைக்கும் அதே வேலைதான். நேற்றுகூட ஒரு கிளட்ச் பிரித்து மாட்டினேன்.

மடங்காது என்ற ஒரே வார்த்தையில் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் ஒரு வாரம் அழுதேன். கையை மேசை மேல் வை. உள்ளங்கை கீழே இருக்கட்டும். புறங்கையை மேலே தூக்கு, கீழே தொங்கவிடு. இது மடங்குவது. இப்போது உள்ளங்கை மேலே வருகிற மாதிரி கையைப் புரட்டு. இது மணிக்கட்டு மடங்குவதே இல்லை. முன்கையில் இருக்கும் இரண்டு எலும்பில் ஒன்று இன்னொன்றின் மேல் உருளுகிறது. சாவி திருப்புவது, ஸ்க்ரூடிரைவர் பிடிப்பது, தாழ்ப்பாள் சுற்றுவது எல்லாம் இந்த இரண்டாவது கணக்கு. இணைத்தால் போவது முதலாவதுதான். இரண்டாவது பெரும்பாலும் தங்கும். எனக்கு உள்ளங்கையை வானம் பார்க்க முழுசாகத் திருப்ப வரும், தரை பார்க்கத் திருப்புவதில் கால் பங்கு குறை. அதனால் உன் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "மடங்குமா" என்பது இல்லை. "பக்கத்து எலும்பு, அல்னா, அதன் முனையை என்ன செய்வீர்கள், கை புரளுமா" என்று கேள்.

அடுத்தது, சும்மா ஒரு சோதனை. வலது மணிக்கட்டைக் கீழே எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கிக்கொண்டு, வலி இல்லாத அளவுக்கு, முஷ்டி பிடித்துப் பார். விரல் பாதியில் நின்றுவிடும். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடி. விரல் தானாக மூடும். கை பலமாகப் பிடிப்பது இந்த லேசான பின்சாய்வில்தான். இணைக்கும்போது அவர்கள் வைப்பதும் அந்த நிலையில்தான். எனக்கு வைத்தது 15 டிகிரி. வலியோடு ஆடிக்கொண்டிருந்த மணிக்கட்டை விட அசையாத மணிக்கட்டில் ஸ்பேனர் நன்றாக நிற்கிறது. இதை முதலில் யாராவது சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

எழுதுவது பற்றிக் கேட்டாய். பேனாவை எடுத்து உன் பெயரை எழுதிப் பார். மணிக்கட்டு அசைகிறதா? விரலும் முன்கையும்தான் ஓடுகின்றன. நீளமான கோடு இழுக்கும்போது மட்டும் தோளிலிருந்து கையை நகர்த்தப் பழக வேண்டும். வரைகிறவளான உனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

என் சர்ஜன் ஒரு நல்ல காரியம் செய்தார். முடிவு சொல்வதற்கு முன்னால் முழங்கைக்குக் கீழே, விரல் ஆடுகிற மாதிரி, அந்த 15 டிகிரியிலேயே ஒரு மாவுக்கட்டு போட்டு, "மூன்று நாள் இதோடு கடையில் நில்லுங்கள், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பினார். முதல் நாள் காலையில் கண்டுபிடித்தது, பேன்ட் பாக்கெட்டுக்குள் கை போகாது. பிறகு கழிவறையில் அந்தக் கையால் சுத்தம் செய்வது. இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். இடது கைக்கு மாறியே ஆக வேண்டும். உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எழுந்திருக்க வராது, முஷ்டியை ஊன்ற வேண்டும். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் கை நுழையாது. வாய் குறுகிய பாத்திரத்தில் அடி வரைக்கும் கை விட்டுத் தேய்ப்பதும் சிரமம். முதுகு சொறிய ஒரு குச்சி வேண்டும். மற்றபடி மாலைக்குள் கட்டு இருப்பதே மறந்துவிட்டது. உன் டாக்டரிடம் கேட்டு நீயும் போட்டுப் பார். ஆனால் எச்சரிக்கை: கட்டி தின்ற எலும்பு, முறிந்தால் கட்டி சிதறி வேலை இரட்டிப்பாகிவிடும். கட்டு இருக்கிறதே என்று எடை தூக்கிவிடாதே.

அப்புறம் கால். எல்லாரும் கையைப் பற்றியே கவலைப்படுவோம், முதல் ஒரு மாதம் படுத்துவது கால்தான். ஃபிபுலா ஒல்லி எலும்பு, உடல் எடையில் பெரும்பகுதியை அதன் பக்கத்துத் தடி எலும்பு தாங்கிக்கொள்ளும், நடக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் கெண்டைக்கால் தசையைப் பிரித்து எடுக்கிறார்கள், இல்லையா? எனக்கு மூன்று வாரம் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க வரவில்லை. இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு எடுத்தது இடது கால். இடது கால் வலித்தால் கோலை வலது கையில் பிடிக்க வேண்டும். வலது கையோ மாவுக்கட்டில்! முன்கையைத் தொட்டி மாதிரி ஒன்றில் வைத்து ஊன்றுகிற ஒரு கோல் தேடி வாங்கி சமாளித்தோம். உனக்கு வலது மணிக்கட்டு என்றால், சர்ஜனுக்கு ஆட்சேபம் இல்லாவிட்டால், வலது காலிலேயே எடுக்கச் சொல். கோல் இடது கையில் இருக்கும். இது எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

ஒட்டுவது மெதுவாகத்தான். ரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து வைக்கிற முறையும் இருக்கிறது. எனக்கு வெறும் எலும்பு. அது ஒரு சாரம் மாதிரி நிற்கும், இரண்டு பக்கமிருந்தும் உன் எலும்பு அதற்குள் ஊர்ந்து வர வேண்டும். ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் இரண்டு எலும்பும் சேரும் இடத்தில் நூல் மாதிரி ஒரு கருப்புக் கோடு தெரியும். அந்தக் கோட்டைத்தான் மாதாமாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கைப் பக்கத்துக் கோடு ஐந்தாவது மாதம்தான் மறைந்தது. அதுவரை பீடி கிட்டப் போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள், புகை ஒட்டுவதைக் கெடுக்குமாம். நான் விட்டேன். பிறகும் தொடவில்லை.

ஒரு குறை சொல்ல வேண்டும். பிளேட்டின் நுனி புறங்கையில் நடுவிரலுக்கு நேரான எலும்பின் மேல் வரை போகிறது. அங்கே சதை கிடையாது, தோல் மட்டும்தான். இரண்டு வருஷம் எங்கே இடித்தாலும் ஸ்க்ரூவில்தான் இடிக்கும். எலும்பு நன்றாகச் சேர்ந்த பிறகு கழற்றிவிட்டார்கள்.

அரைமடக்கு எழுதியது:

ஸ்பேனர் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இரண்டாவது வழியில் போனவள். ஒன்பது வருஷம் ஆகிறது. இடது மணிக்கட்டு. ஃபிபுலாவின் தலையை வைத்து மூட்டு அமைத்தார்கள்.

ஆரம்பத்தில் மேலே 40 டிகிரி, கீழே 30 டிகிரி மடங்கியது. பிசியோ அளந்து எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. இப்போது இரண்டும் குறைந்துவிட்டன. ஃபிபுலாவின் தலை ரேடியஸ் முனை மாதிரி அகலம் கிடையாது, அதன் மேல் கை எலும்புகள் தட்டில் வைத்த மாதிரி உட்காராது. என்னுடையது உள்ளங்கைப் பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது. பக்கவாட்டில் பார்த்தால் ஒரு படி தெரியும். எக்ஸ்ரேயில் தேய்மானமும் இருக்கிறது. தண்ணீர்க் குடம் போல எடை தூக்கினால் அன்று ராத்திரி வலிக்கும். சும்மா இருந்தால் வலி இல்லை.

காலில் எனக்கு வேறு ஒரு தொந்தரவு. அந்தத் தலையைச் சுற்றித்தான் பாதத்தைத் தூக்குகிற நரம்பு போகிறது. அதை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் எலும்பை எடுக்க முடியும். விழித்துப் பார்த்தபோது கட்டைவிரலைத் தூக்கச் சொன்னார்கள், தூக்க வரவில்லை. நாலு மாதம் செருப்பு கழன்று கழன்று விழுந்தது. வாசலில் தடுக்கி இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். பிறகு மெல்ல வந்தது. பாதத்தின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்றும் மரத்திருக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கத் தசைநாரும் அந்தத் தலையில்தான் பிடித்திருக்கிறது, அதைத் திரும்பக் கட்டித் தைக்க வேண்டும். நடுத்துண்டு மட்டும் எடுத்தால் இந்த இரண்டு வம்பும் குறைவு.

இவ்வளவு சொல்லிவிட்டு, வருத்தப்படுகிறாயா என்றால் இல்லை. எனக்கு அப்போது 22 வயது. மடங்காத கையை ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இந்த மூட்டு தேய்ந்து முடியாமல் போனால் அப்போது இணைத்துக்கொள்ளலாம். முதலிலேயே இணைத்துவிட்டால் திரும்பி வர முடியாது. ஒன்பது வருஷம் மடங்கிய கை எனக்குக் கிடைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் என்னுடையது இடது கை, உன்னுடையது வரைகிற கை. அந்த வித்தியாசத்தை யோசித்துக்கொள்.

இரவுப்பணி எழுதியது:

எலும்பு அறுவைத் துறையில் பயிற்சியில் இருக்கிறேன். உங்கள் படங்களைப் பார்க்கவில்லை, அதனால் இதுவா அதுவா என்று சொல்லமாட்டேன்.

முழங்காலை ஒட்டிய இரண்டு எலும்பு முனைகளுக்கு அடுத்து இந்தக் கட்டி அதிகம் வரும் இடம் ரேடியஸ் முனைதான். 20 முதல் 40 வயதுக்குள் வருவது வழக்கம். நீங்கள் எதுவும் தவறு செய்ததால் வந்ததில்லை.

ஊசி பற்றி. கட்டிக்குள் இருக்கும் ராட்சதச் செல்கள் எலும்பைக் கரைக்கின்றன. அவற்றை ஏவிவிடுவது பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தோற்றமுள்ள செல்கள், உண்மையான கட்டி அவைதான். டெனோசுமேப் அந்த ஏவலை நடுவில் பிடித்து நிறுத்துகிறது. இந்தக் கட்டிக்கு அமெரிக்காவில் 2013இல் அனுமதி கிடைத்தது. 120 மி.கி., நாலு வாரத்துக்கு ஒருமுறை, முதல் மாதத்தில் 8ஆம் நாளும் 15ஆம் நாளும் கூடுதலாக. போட்டால் கட்டியைச் சுற்றி எலும்பு ஓடு கெட்டிப்படும், வலி குறையும். வெட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு அது உதவலாம். சுரண்டி எடுக்கிறவர்களுக்கு அதே கெட்டியான ஓட்டுக்குள் கட்டிச் செல்கள் ஒளிந்துகொள்ளும் என்ற கவலை உண்டு. ஊசியை நிறுத்தினால் கட்டி மறுபடி கிளம்பலாம், அதனால் அறுவைக்கு இது மாற்று இல்லை. உங்கள் வயதுக்கு ஒன்று முக்கியம்: கர்ப்ப காலத்தில் போடக்கூடாது, கடைசி ஊசிக்குப் பிறகும் ஐந்து மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டும். ரத்தத்தில் கால்சியம் இறங்கும், மாத்திரை கொடுப்பார்கள். தாடை எலும்பு கெடும் அபாயம் சிறிதளவு இருப்பதால் பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, கேட்டுப் பாருங்கள். பக்கத்து அல்னாவையே ஒரு இடத்தில் வெட்டி, அதன் தசைகளோடு, அதாவது ரத்த ஓட்டத்தோடு, ரேடியஸ் இருந்த இடத்துக்கு நகர்த்தி மணிக்கட்டோடு இணைப்பது. காலைத் தொடவே வேண்டாம். கை புரளுவதும் தங்கும். முன்கை நடுவில் உடுக்கை மாதிரி ஒடுங்கித் தெரியும், அதுதான் விலை. கட்டி அல்னாவைத் தொட்டிருந்தால் இது நடக்காது.

எந்த வழியானாலும் பிறகு மணிக்கட்டோடு நெஞ்சுக்கும் படம் எடுப்பார்கள். ஒரு சிலருக்கு நுரையீரலில் சிறு முடிச்சுகள் வருவதுண்டு. திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள், சிலருக்கு அதற்குப் பிறகும். வலி இல்லையே என்று ஃபாலோஅப்பை விட்டுவிடாதீர்கள்.

விரல்பத்து எழுதியது:

கைக்கான பிசியோ. ஒன்றே ஒன்று. மணிக்கட்டு எப்படியும் கட்டுக்குள் இருக்கும், அதைப் பற்றி யோசிக்காதீர்கள். மயக்கம் தெளிந்த நாளிலிருந்தே விரல்களை முழுக்க மூடித் திறங்கள், கை இதயத்துக்கு மேலே இருக்கட்டும். முழங்கையும் தோளும் சும்மா கிடந்தால் அவையும் இறுகும். மூன்று வாரம் விரலைத் தொடாமல் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம்தான் நான் ஆறு மாதம் மல்லுக்கட்டுகிறேன். மணிக்கட்டு இணைந்த கையை வைத்து வாழலாம், விரல் இறுகிய கையை வைத்து வரைய முடியாது.

பென்சில்முனை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டாக்டரிடம் மாவுக்கட்டு சோதனையைக் கேட்டேன். சிரித்துவிட்டு, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒன்று செய்துகொடுத்தார். இரண்டு நாள் போட்டிருந்தேன்.

மவுஸ் பிடிப்பதில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவில் சின்ன எழுத்து வந்தது, வட்டம் போடுவதுதான் முதலில் கோழிமுட்டையாக வந்தது, மறுநாள் தோளை அசைத்துப் போட்டதும் வட்டமானது. தலை பின்ன முடியவில்லை. பின்னங்கழுத்தில் கை போய் நிற்கிறது, விரல் திரும்பமாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று, கடைசியில் முன்னால் கொண்டுவந்து பக்கவாட்டில் பின்னினேன். ஸ்பேனர் அண்ணன் சொன்ன கழிவறை விஷயமும் உண்மை, வேறு ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரி கட்டைக் கழற்றியதும் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் தெரிந்தது, இரண்டு நாளாக வலியே இல்லை. திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டு தூங்கினேன்.

அல்னா வழியைக் கேட்டேன். படத்தில் கட்டி அதற்கு மிக ஒட்டியிருக்கிறது, அதை நம்ப முடியாது என்றார். அரைமடக்கு அக்கா, நீங்கள் சொன்னதையும் நாலு தடவை படித்தேன். இது இடது கையாக இருந்திருந்தால் உங்கள் வழியில்தான் போயிருப்பேன். இணைக்கச் சொல்லிவிட்டேன். நடுத்துண்டு, வலது கால். "எந்தக் கால் என்று இதுவரை எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை" என்றார் டாக்டர்.

இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதற்குள் என்ன பழகிக்கொள்ளட்டும்?

பழைய ஸ்பேனர் எழுதியது:

இன்றிலிருந்தே இடது கையால் பல் தேய்க்க ஆரம்பி, பிறகு கழிவறை. சாவி, போன் எல்லாவற்றையும் பையின் இடது பக்கத்துக்கு மாற்று. ஒற்றைக் கையால் பட்டன் போடுவதைப் பழகு, கீழிருந்து மேலே போட்டால் சுலபம். அல்லது எலாஸ்டிக் வைத்த உடுப்பாக நாலு எடுத்து வைத்துக்கொள். கையெழுத்து போட வேண்டிய பேங்க் வேலை இருந்தால் இந்த வாரமே முடித்துவிடு, நான் அதை மறந்து மூன்று மாதம் அலைந்தேன்.

தலை பின்னுவது எனக்குத் தெரியாது, தங்கச்சி. எனக்கு வழுக்கை.

அரைமடக்கு எழுதியது:

முதல் ஒன்றரை மாதம் யாராவது பின்னிவிட வேண்டும், அதற்கு ஆள் பார்த்துக்கொள். வலது காலுக்கு, கட்டு போட்ட பிறகும் நுழைகிற மாதிரி, பின்னால் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கி வை.

பென்சில்முனை எழுதியது:

செருப்பு வாங்கியாயிற்று. பல் தேய்ப்பதுதான் கன்னமெல்லாம் நுரையாகிறது. முடிந்ததும் வந்து இடது கையால் எழுதுகிறேன்.